முன் டிஃபரன்ஷியலில் சாயத்தண்ணீர்

2006-ல், ஓடையில் வந்த சாயக்கழிவால் மங்கலத்தில் எங்கள் தோட்டத்துக் கிணறு கெட்டது. சாயப்பட்டறை வைத்திருந்த என் தம்பி, “ஓடையில உடறது நானில்லீங்கண்ணா” என்றான். நம்பினேன்.

அவன் இரவல் வாங்கிப்போன என் ஜீப் திரும்பி வந்தபோது, நான்கு சக்கரமும் இழுக்கிற கியரைப் போட்டாலே முன்பக்கம் கரகரவென்று சத்தம். மெக்கானிக் முன் டிஃபரன்ஷியலை, முன் அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டியை, திறந்தார். ஆயிலோடு ஊதாநிறத் தண்ணீர் கொட்டியது. உள்ளே பற்சக்கரங்கள் தேய்ந்திருந்தன.

“வண்டி சாயத்தண்ணிக்குள்ளயே ஓடியிருக்குதுங்க” என்றார்.

தம்பியைக் கேட்டேன்.

“கழிவுத்தண்ணி பைப் பதிக்க ஓடைக்குள்ள கொண்டுபோனனுங்கண்ணா. பட்டறை ஓடோணுமில்லீங்க?” என்றான், தலைகூடக் குனியாமல்.

பற்சக்கரங்களை மாற்றியதும் ஜீப் சரியாகிவிட்டது. வேறு யாராவது என்றால் போலீசுக்குப் போயிருப்பேன். தோளில் தூக்கி வளர்த்தவன்மேல் புகார் கொடுக்க மனம் வரவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீர் பாய்ந்த தென்னைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன, பார்த்துக்கொண்டிருந்தேன்.