சுகிர்தாவின் நீர்மூழ்கியும் நீலப் பொடியும்

சுகிர்தாவின் கையால் என் கப்பல் நான்கு முறை மூழ்கியிருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை என்றால் அது பொய். பொன்னேரி ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் இருபது வருடமாக டி.வி. பழுது பார்க்கிறவன் நான். ஹனீப் கடை எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கைகாட்டும். கரண்ட் விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவனும் நானே. ஆனாலும் அவளைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். அவள் ஜெயித்த கதையை அல்ல, முதல் சண்டையில் தோற்ற கதையை.

எங்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு பேர் பொன்னேரி ஏரிக்கரையில் கூடி, ரிமோட்டில் ஓடும் பொம்மைப் போர்க்கப்பல்களை மோதவிடுவோம். நிஜக் கப்பலை அளவு குறைத்து, நாங்களே செய்தவை. பக்கவாட்டில் வார்னிஷ் தடவிய காத்தாடிக் காகிதம். ஸ்பிரிங் வைத்த குழலிலிருந்து சைக்கிள் பால்ரஸ் குண்டு பாயும். காகிதம் கிழிந்தால் தண்ணீர் புகும், கப்பல் மூழ்கும். மூழ்கடிக்கப்பட்டவன் எல்லோருக்கும் நாஷ்டா வாங்கித் தரவேண்டும். நாற்பது வயதுக்கு மேல் இதெல்லாம் தேவையா என்று என் மனைவி மெஹர்னிசா கேட்பாள். தேவைதான்.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம், ஆடி மாதம். சுகிர்தா ஒரு பழைய டி.வி.யைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், சாக்கடைக் குழிகளில் இறக்குகிற மோட்டார் செய்யும் கம்பெனியில் வேலை. டி.வி.யை நான் கழற்றிக்கொண்டிருக்க, அவள் மேசைமேல் இருந்த என் கப்பலைத் தட்டிப் பார்த்தாள்.

“இதுல தண்ணி பூராதா பாய்?”

“பூரும். பூந்தாத்தான் ஆட்டம்.”

“தண்ணிக்குள்ளயே போறது ஒண்ணு பண்ணா?”

“அது பேஜாரு பிடிச்ச வேலைம்மா. ஒரு சொட்டு உள்ளே போனா மோட்டாரு, பேட்டரி எல்லாம் காலி. எங்க ஆளுங்க எவனும் தொடல.”

அவள் சிரித்தாள். அப்புறம்தான் தன் கதையைச் சொன்னாள்.

பதினோரு வருடமாக அவளுக்குத் தொட்டி வேலை. மோட்டார்க் கூட்டை மூடி, உள்ளே காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பிடிக்க வேண்டும். எங்கிருந்தாவது கடுகளவு குமிழி எழும்பினால் அந்தக் கூடு ஆகாது. கண்ணை எடுக்காமல் இரண்டு நிமிடம், பிறகு அடுத்தது. சந்தேகமான கூடாக இருந்தால் தொட்டிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: துணிக்குப் போடும் நீலப் பொடியில் ஒரு சிட்டிகையை வெள்ளைக் காகிதத்தில் மடித்து உள்ளே வைத்து மூடி, இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டுவிடுவார்கள். காலையில் காகிதம் வெள்ளையாக இருந்தால் கூடு நல்லது. ஒரு சொட்டு புகுந்திருந்தாலும் நீலம் பரவிக் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த வருடம் சித்திரையில் பத்து மோட்டார்கள் ‘தண்ணீர் புகுந்து எரிந்துவிட்டது’ என்று திரும்பி வந்தன. பத்திலும் அவளுடைய முத்திரை. திறந்து பாருங்கள் என்று அவள் கேட்டாள். யாரும் திறக்கவில்லை. வாடிக்கையாளருக்குப் புதிது கொடுத்துவிட்டு, பழையதை ஸ்டோர் மூலையில் அடுக்கினார்கள். சூப்பர்வைசர் தேசப்பன், “உனுக்குக் கண்ணு போச்சும்மா” என்று சொல்லி அவளைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். சம்பளம் குறையவில்லை. ஆனால் கேன்டீனில் வரிசையில் நிற்கும்போது, “இன்னா சுகிர்தா, தட்டு தெரியுதா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

“கண் டாக்டர்கிட்ட போனேன் பாய். கண்ணு நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தாரு. அந்தச் சீட்டைக் காட்டினா அதுக்கும் சிரிக்கிறாங்க.” எனக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தேசப்பனும் எங்கள் ஆறு பேரில் ஒருவர். அவர் கப்பல்தான் எங்களிலேயே பெரியது, வாயும் அப்படியே.

“நீ செய்யி. ரேடியோவை நான் பாத்துக்கறேன்” என்றேன்.

எட்டு மாதம் ஆயிற்று. காலண்டரில் வந்த ஒரு நீர்மூழ்கிப் படத்தை வைத்து, நூற்றில் ஒரு பங்கு என்று அவளே கணக்குப் போட்டாள். உடம்புக்கு மூன்று அங்குல பிளாஸ்டிக் பைப். பின்விசிறி சுழல டேப் ரிக்கார்டர் மோட்டார். மூழ்கவும் எழும்பவும் மாட்டுக்கு மருந்து போடுகிற பெரிய ஊசிக் குழல். அது தண்ணீரை உறிஞ்சினால் படகு கீழே போகும், வெளியே தள்ளினால் மேலே வரும். அதை வாங்கப் போன அவள் புருஷன் ஆசீர்வாதத்திடம் மருந்துக் கடைக்காரர், “மாடு கறவையா, சினையா?” என்று கேட்க, அந்த மனிதன் “நீர்மூழ்கி” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். படகின் முனையில் ஒரு கோணி ஊசி, அதன் பின்னால் ஸ்பிரிங். கீழே இருந்து வந்து காத்தாடிக் காகிதத்தில் ஒரு குத்து, அவ்வளவுதான்.

ஒரு மூடியை மட்டும் பதினேழு தடவை கழற்றி மாட்டினாள். வீட்டுச் சிமெண்ட் தொட்டியில் ஓட்டினாள், பம்புசெட் தொட்டியில் ஓட்டினாள். ஒவ்வொரு தடவையும் உள்ளே நீலப் பொடி மடித்த காகிதம். ஒவ்வொரு தடவையும் அது வெள்ளையாகவே வந்தது.

தேசப்பனுக்குச் சேதி எட்டியது. “அரை மணி நேரம் தண்ணியில கெடந்து, உள்ள ஈரம் இல்லாம வரட்டும். தொட்டி வேலையைத் திருப்பிக் குடுக்கறேன்” என்று எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். கேலியாகச் சொன்னதுதான். சுகிர்தா அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

படகு தயாரானபோது ஏரி காய்ந்துவிட்டது. சித்திரை வெயிலில் ஏரிக்குள் மாடு மேய்ந்தது. மழை வரும்வரை அவள் பேக்கிங்கில் கிடப்பதா? நான் மார்பைத் தட்டிக்கொண்டு, “தண்ணிக்கு இன்னா பஞ்சம்? நான் பொறந்து வளந்த பழவேற்காடு இருக்குதே!” என்றேன். அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் அன்று நல்ல கூட்டம். பொம்மைச் சண்டை என்று கேள்விப்பட்டு மீன்காரர்கள்கூட நின்றுவிட்டார்கள். சுகிர்தா சர்ச்சுக்குப் போட்டுப் போகும் புடவையில் வந்திருந்தாள். மூடி போடும் முன் காகிதத்தை எல்லோருக்கும் காட்டி உள்ளே வைத்தாள். படகு மேலாக ஓடி, தேசப்பனின் கப்பலை நோக்கித் திரும்பியது. அவள் பித்தானை அமுக்கினாள். படகு அழகாக மூழ்கியது.

பிறகு வரவே இல்லை.

திருகினாள், அமுக்கினாள், ரிமோட்டின் ஏரியல் கம்பியை முழுக்க இழுத்துப் பிடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அரை மணி நேரம் போயிற்று. தேசப்பன் கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்றார்.

“பாத்தியாம்மா? தண்ணி பூந்துகினு அடியில குந்திகினு கீது.”

“பூரல சார்.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். எட்டு மாசம் பண்ணே, எட்டு நிமிஷம் நிக்கல.”

“எடுத்துத் தொறங்க சார். அன்னிக்கும் இதைத்தான் கேட்டேன். தொறந்து பாருங்க.”

அவள் அழவில்லை. ஆசீர்வாதம்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். ஒரு மீன்காரர் இரக்கப்பட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வலை வீசினார். நான்காவது வீச்சில் நாலைந்து மடவை மீன்களோடு படகும் வந்தது.

மூடியை அவள் கழற்றவில்லை. தேசப்பனிடமே கொடுத்தாள். அவர் கழற்றினார். உள்ளே விரலை விட்டார். விரல் உலர்ந்து வந்தது. காகிதத்தைப் பிரித்தார். ஓரத்தில்கூட ஒரு புள்ளி நீலம் கிடையாது. மடித்தபோது எப்படி இருந்ததோ அப்படியே வெள்ளை.

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை. படகில் தண்ணீர் இல்லை, மோட்டார் நன்றாயிருக்கிறது, பேட்டரி நன்றாயிருக்கிறது என்றால், மிச்சம் இருப்பது ரேடியோ. ரேடியோ என் வேலை.

படகை வாங்கி மூடினேன். கையோடு ஏரித் தண்ணீரில் ஒரு முழம் அமுக்கிப் பிடித்து, “ஓட்டு” என்றேன். பின்விசிறி சுற்றவில்லை. வெளியே எடுத்தேன், சுற்றியது. டீக்கடைக்காரர் குடிதண்ணீர் பிடித்து வைத்திருந்த டிரம்முக்குள் விட்டேன். அதே ஆழத்தில் கிர்ரென்று சுற்றியது. டீக்கடைக்காரர் திட்டினார், திட்டட்டும். வெயில் காலத்தில் பழவேற்காடு ஏரி கடல் மாதிரி உப்பேறிக் கிடக்கும். உப்புத் தண்ணீர் ரேடியோ அலையைக் கீழே விடாது. எங்கோ படித்ததுதான், படித்ததோடு சரி. மேலே எழும்பு என்ற உத்தரவு படகுக்குப் போய்ச் சேரவே இல்லை. உப்புத் தண்ணீரில் விளையாடி வளர்ந்தவன், ரேடியோவில் சோறு தின்கிறவன், இரண்டையும் சேர்த்து ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று பாவம் என்னுடையது.

எல்லோர் முன்னாலும் சொன்னேன். “தப்பு என்னுது. படகு மேல ஒரு தப்பும் இல்ல.”

தேசப்பன் காகிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “பொம்மை வேற, மோட்டாரு வேற” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சொன்ன வாக்கு காற்றில் போயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் கப்பலை அங்கேயே மிதித்து உடைத்திருப்பேன். சுகிர்தா, “விடுங்க பாய். காகிதத்தை எடுத்துகினு போயிட்டாரு பாத்தீங்களா?” என்றாள்.

உண்மைதான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயந்திரம் கடை வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. தேசப்பன் இறங்கினார். திரும்பி வந்த பத்து மோட்டார்களில் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி வந்து என் மேசையில் வைத்தார். “மோட்டாரு காயில் பாக்கத் தெரியுமில்ல பாய் உனக்கு? சுகிர்தாவையும் கூப்பிடு” என்றார். ஷிஃப்ட் முடிந்து ரயிலில் வந்து இறங்கிய சுகிர்தாவை ஆசீர்வாதம் நேராகக் கடைக்கு அழைத்து வந்தான்.

அவளே திறந்தாள். கருகிய நாற்றம் குப்பென்று வந்தது. செப்புக் கம்பி சுற்றிய காயில் கரிக்கட்டையாகிக் கிடந்தது. ஆனால் உள்ளே துரு இல்லை, கறை இல்லை, ஈரம் பட்ட சுவடே இல்லை. வாங்கினவர்கள் லோ வோல்டேஜில் ஓட்டி எரித்துவிட்டு, தண்ணீர் புகுந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். இதை நான் சொன்னேன். இந்தத் தடவை யோசித்துத்தான் சொன்னேன்.

தேசப்பன் அந்தக் காயிலை விரலால் தேய்த்துப் பார்த்தார். “திங்கக்கெழமை தொட்டிக்கு வந்துடும்மா” என்றார்.

சுகிர்தா கையைத் துடைத்துக்கொண்டாள். “மத்த ஒம்போதையும் தொறங்க சார். அப்புறம் வர்றேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிடைத்ததை வாங்கிக்கொள்ளாமல் இந்தப் பெண் எதற்கு வம்பை விலைக்கு வாங்குகிறது என்று பல்லைக் கடித்தேன்.

திங்கட்கிழமை ஸ்டோரிலேயே ஒன்பதையும் திறந்திருக்கிறார்கள். கேன்டீனில் கேலி செய்தவர்களும் சுற்றி நின்றார்களாம். எட்டு எரிந்திருந்தன, ஈரமில்லை. ஒன்பதாவதில் துரு. மூடியின் ரப்பர் வளையத்தில் முடியளவு கீறல்.

“இதுலயும் காயிலு மத்தது மாதிரிதானே எரிஞ்சிருக்கு, இதையும் அந்தக் கணக்குலயே போட்டுடலாம்” என்று தேசப்பனே சொன்னாராம்.

“இல்ல சார். இது என் கண்ணுலேர்ந்து தப்பினது. ஒண்ணு. அப்டியே எழுதுங்க.”

அதைத்தான் தேசப்பன் பிறகு என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். பத்தும் உலர்ந்திருந்தால்கூட தனக்குள் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கும் என்றார். அந்த ஒன்றை அவள் ஒப்புக்கொண்ட பிறகுதான் மற்ற ஒன்பதையும் முழுசாக நம்பினாராம்.

அன்று மதியமே சுகிர்தா தொட்டியில் உட்கார்ந்தாள். கீறல் விழுந்த அந்த வளையம் இன்றும் தொட்டிக்கு மேல் ஆணியில் தொங்குகிறது.

ஐப்பசியில் பொன்னேரி ஏரி நிரம்பியது. சிக்னல் அறுந்தால் குழல் தானாகத் தண்ணீரைத் தள்ளிப் படகை மேலே கொண்டுவரும்படி நான் ஒரு சின்ன சர்க்யூட் பலகை செய்து கொடுத்திருந்தேன். என் பாவத்துக்குப் பரிகாரம் அது. நன்றிக்கு அவள் அந்த ஞாயிற்றுக்கிழமையே என் கப்பலை அடியில் குத்தி மூழ்கடித்தாள். ஏழு பேருக்கும் இட்லி வடை வாங்கிக் கொடுத்தேன். தேசப்பன் இரண்டாவது வடையை எடுத்தபடி, “இன்னா பாய், கண்ணு தெரியலியா உனக்கு?” என்றார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது சுகிர்தாதான்.