காந்தத்தைக் காட்டிச் சிரித்தோம்

"...அதுக்குப் பிறகு அந்த மனுஷன் ஆராய்ச்சிப் பக்கமே எட்டிப் பாக்கலையே வே! யாரால? என்னாலதான்."

போன வாரம் வண்ணார்பேட்டை டீக்கடையில் டேனியல் சார் இப்படிப் புலம்பினார். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் ஃபிசிக்ஸ் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ஆபீஸில் கிளார்க்காக இருந்தவன் நான். எனக்குத் தெரிந்த ஃபிசிக்ஸ் எல்லாம் அவர் டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னதுதான்.

'அந்த மனுஷன்' என்றது அவர் துறையில் ஜூனியராக இருந்த செல்லையா சாரை.

சூப்பர்கண்டக்டர் என்றால், நன்றாகக் குளிரவைத்ததும் துளித் தடைகூட இல்லாமல் கரண்ட்டை ஓடவிடும் பொருள். பல வருஷங்களுக்கு முன்னால் ஸ்டாஃப் ரூமில் செல்லையா சார் கேட்டார்: "சார், இரும்பு கலந்த பொருள்ல இதை முயற்சி பண்ணிப் பாத்தா என்ன?"

டேனியல் சார் டிராயரிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். ஆணி ஒன்றை அதில் ஒட்டித் தூக்கிக் காட்டினார்.

"காந்தமும் சூப்பர்கண்டக்டரும் கீரியும் பாம்பும் வே. போயி இந்த ஆணியைக் குளிர வையும், பாப்போம்!"

அறையே சிரித்தது. ஃபைலில் கையெழுத்து வாங்கப் போயிருந்த நானும்தான்... ஆணி எதற்கு என்றே தெரியாமல் சிரித்தேன்!

அன்றைக்குப் புத்தகங்களும் டேனியல் சார் பக்கம்தான். பிறகு ஜப்பானில் இரும்புச் சேர்மம் ஒன்று சூப்பர்கண்டக்டர் ஆகிவிட்டது.

"அப்ப காந்தம் எதிரி இல்லையா சார்?" என்று டீக்கடையில் கேட்டேன்.

"அதான் வேடிக்கை. அதுல இரும்பு அணு ஒவ்வொண்ணும் குட்டிக் காந்தம் மாதிரி. ஒரு வரிசை இந்தப் பக்கம், அடுத்த வரிசை அந்தப் பக்கம்னு முறைச்சிட்டு நிக்கும். அப்படி விறைச்சு நிக்குத வரைக்கும் ஒண்ணும் நடக்காது. வேற தனிமத்தைக் கொஞ்சம் கலந்தா விறைப்பு தளரும். ஆனா காந்தம் செத்துராது, உள்ள துடிச்சிட்டே கிடக்கும். அந்தத் துடிப்புதான் எலக்ட்ரானை ஜோடி சேக்குன்னு நிறைய பேரு சொல்லுதாவ. வாக்குவாதம் இன்னும் முடியல."

ஜோடி சேர்ந்தால்தான் தடையில்லாத ஓட்டமாம். ஆக, காந்தத்தின் மேல் குற்றமில்லை, விறைப்பின் மேல்தான். மனுஷனுக்கும் இதுதானே? 'தப்பு என்னுது' என்று சொல்ல எத்தனை வருஷம் விறைத்து நிற்கிறோம்!

"அந்தச் சேர்மத்தை அடுப்புல சுட்டுத்தான் எடுக்கணும். நம்ம காலேஜ் அடுப்புல அது வந்திருக்குமான்னா சந்தேகந்தான். விஷயம் அது இல்ல வே. 'செஞ்சு பாரும்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாலு பேரைச் சிரிக்க வச்சுட்டேனே..."

செல்லையா சார் இப்போது திசையன்விளையில் டியூஷன் எடுக்கிறார். ஒரு பஸ் தூரம்.

"போன் போடுங்க சார்" என்றேன். மன்னிப்பை ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டு போட்டார்.

"செல்லையா... டேனியல் பேசுதேன். நல்லாருக்கீரா? அங்கன மழை உண்டா?... சரி, வச்சிருதேன்."

அவ்வளவுதான்! டீ ஆடை கட்டிவிட்டது.

ஒரு நிமிஷம் ஆகவில்லை, போன் அடித்தது. திரையில் செல்லையா சார் பெயர். டேனியல் சார் அதையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீரும் சிரிச்சீருல்லா? நீரே சொல்லும்" என்று போனை என் கையில் திணித்துவிட்டு, ஆற்றுப் பாலத்தைப் பார்க்க நடையைக் கட்டினார்.