ரிலேட்டிவ்லி பெட்டர்

கம்பவுண்டர் என்றால் மருந்து கலக்குபவன் என்று நினைக்கிறீர்கள். டாக்டரின் இங்கிலீஷைத் தண்ணீர் விட்டுக் கலக்கிக் கொடுப்பதுதான் நிஜமான வேலை. முதலாளி பேசுவதை ஊருக்குப் புரியவைக்கும் பிழைப்பு உங்களுக்கும் வாய்த்திருந்தால் என் கஷ்டம் தெரியும்.

எங்கள் நர்ஸிங் ஹோம் திருச்சி பாலக்கரையில் இருந்தது. டாக்டர் சீமையில் படித்தவர். வெள்ளைக்காரன் போய்விட்ட சேதி அவர் நாக்குக்கு மட்டும் எட்டவில்லை. எந்த நோயாளியைப் பார்த்தாலும் "ரிலேட்டிவ்லி பெட்டர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். எதையோவிட இது தேவலை என்று அர்த்தம். எதைவிட என்று சொல்லமாட்டார்.

லாரியில் வந்த துக்கம்

மருங்காபுரி விவசாயி ஒருவர் டைபாய்டில் படுத்திருந்தார். டாக்டர் வழக்கம்போல் திருவாய் மலர்ந்தார். கூட இருந்த மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவர், பாவம். "ரிலேட்டிவ்னா சொந்தக்காரங்க. அவங்களை வரவழைச்சிடுறது பெட்டர்ங்கிறாரு" என்று மாமியார் காதில் சொல்லிவிட்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஊருக்குத் தந்தியடித்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் ஒரு லாரி நிறைய ஜனம். வாசலிலேயே பெண்கள் மாரடித்து அழ ஆரம்பித்தார்கள். நான் கையைக் காலை ஆட்டியும் ஒருவர் காதிலும் ஏறவில்லை. உள்ளே கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த விவசாயி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கவலையோடு கேட்டார்:

"நம்ம ஊரு ஜனமாட்டம் இருக்கே... யாருங்க போயிட்டாங்க?"

ஸ்ரீரங்கத்துக் கேள்வி

ஸ்ரீரங்கத்து ஐயங்கார் ஒருவர், ரிடையரான இங்கிலீஷ் வாத்தியார். மனைவிக்கு நிமோனியா. டாக்டர் அன்றும் "ரிலேட்டிவ்லி பெட்டர்" என்றார். வாத்தியார் வழியை மறித்தார். "எதைவிட?" டாக்டர் திகைத்து, நேற்றைவிட என்றார். வாத்தியார் என் பக்கம் கையைக் காட்டினார்.

"நேத்திக்கே பூரண குணம்னு உங்க கம்பவுண்டர் சொன்னாரே! அதைவிடத் தேவலைன்னா, ஆத்துக்கு அழைச்சிண்டு போறதா, பெருமாள் திருவடியில விட்டுடறதா?"

டாக்டருக்கே வந்தது

ஒரு கோடையில் டாக்டருக்குக் காமாலை. தம் ஆஸ்பத்திரியிலேயே கண் மஞ்சளாகப் படுத்துவிட்டார். பார்க்க வந்த சக டாக்டரும் சீமைப் படிப்புதான். நாடி பார்த்தார், வயிற்றை அமுக்கினார், "ரிலேட்டிவ்லி பெட்டர்" என்று சொல்லிப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. அதற்குள் டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னிடம் அவர் தமிழில் பேசியது அதுதான் முதல் தடவை.

"அந்த ஆளு சொன்னதை விடுய்யா. நான் பிழைப்பேனா, மாட்டேனா?"

பிழைத்தார், எழுந்து வந்த அன்றே முதல் கட்டிலருகே நின்று "ரிலேட்டிவ்லி பெட்டர்" என்றார் என்றால், சீமைப் படிப்பு காமாலையைவிடக் கெட்டியானது என்றுதானே அர்த்தம்!