கொய்யாத் தோட்டத்தைப் பற்றிப் பன்னிரண்டு வரி

அந்தச் சின்ன ஏசி அறை முழுக்கக் கொய்யாப்பழ வாசம்...

எங்கள் மஞ்சள் பையில் இருந்த பழம்தான். கம்ப்யூட்டர் கடைக்குக் கையை வீசிக்கொண்டா போவது என்று என் வீட்டுக்காரி செல்லாத்தாள் காலையில் பறித்துப் போட்டுக்கொண்டு வந்தது.

நாலு வருசம் ஆகிறது. வாசம் இன்னும் மூக்கிலேயே இருக்கிறது.

அப்போது நான் எழுதப் படிக்கக் கற்று எட்டு மாதம். அறுபத்தாறு வயதில் சாயங்கால வகுப்புக்குப் போய்க் கற்றது. பெயர் எழுதுவேன், பஸ் போர்டு படிப்பேன். சொந்தமாக நாலு வரி எழுதியது கிடையாது.

எங்கள் பக்கத்துக் கொய்யா விவசாயிகள் புதிதாக ஒரு சங்கம் ஆரம்பித்திருந்தார்கள். அதில் சேர்ந்தால் வண்டி தோட்டத்துக்கே வந்து பழம் எடுக்கும். சேராவிட்டால் செல்லாத்தாள்தான் விடிவதற்குள் கூடையைத் தலையில் வைத்து ஆயக்குடி சந்தைக்கு நடக்கவேண்டும். அவளுக்கு முட்டி வலி முற்றியிருந்த நேரம் அது. மனுவை ஆன்லைனில்தான் போடவேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணியோடு கடைசி.

ஃபார்மில் ஒரு பெரிய கட்டம் இருந்தது. 'உங்கள் தோட்டத்தைப் பற்றிச் சொந்த வார்த்தையில் எழுதுங்கள்.'

"நானே அடிச்சுத் தர்றனுங்க பெரியப்பா" என்றாள் கடை நடத்தும் கவிதா.

"சொந்த வார்த்தைன்னு போட்டிருக்குதே அம்மிணி" என்று கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

தமிழ் எழுத்து ஒட்டிய கீபோர்டு. ஒற்றை விரல். பத்தரை மணிக்கு ஆரம்பித்தேன்... ஒரு வரி முடிந்ததும் பக்கத்து நாற்காலியில் இருந்த செல்லாத்தாளுக்குப் படித்துக் காட்டுவேன். அவளுக்கு எழுத்து தெரியாது. "ம்" என்பாள். அடுத்த வரி.

பன்னிரண்டு வரி. பன்னிரண்டரை மணி. அனுப்பு என்ற பொத்தானை அமுக்கினேன்.

கட்டம் வெள்ளையாக வந்து நின்றது.

"போச்சுங்களா?" என்றாள் செல்லாத்தாள்.

"போச்சு."

கவிதா பொத்தானை அமுக்கி முந்தின பக்கத்துக்குப் போய்ப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. "எத்தனையோ பேருக்குப் போட்டுக் குடுத்திருக்கனுங்க. யாருக்கும் இப்படி ஆகலீங்க. பிரவுசர் கோளாறோ என்னமோ" என்று இன்னொரு பிரவுசரையும் திறந்தாள்.

சோதித்துப் பார்த்தோம். போன் நம்பரை வேண்டுமென்றே விட்டுவிட்டு, கட்டத்தில் மளமளவென்று ஏதோ அடித்து அனுப்பினாள். நம்பர் இல்லாததால் ஃபார்ம் திரும்பி வந்தது. ஆனால் அடித்தது அப்படியே இருந்தது. இரண்டு பிரவுசரிலும்.

"அப்ப அது என் விரல்லதான் கோளாறு" என்றேன். "நான் அடிக்கிறேன், பாரு."

இரண்டிலும் 'கொய்யா' என்று மட்டும் அடித்து வைத்துவிட்டு, எதிர்க்கடையில் டீ குடித்து, அரை மணி நேரம் கதை பேசிவிட்டு வந்து அனுப்பினோம். இரண்டிலும் வெள்ளை. முந்தின பக்கத்துக்குப் போனால், ஒரு பிரவுசரில் 'கொய்யா' பத்திரமாக இருந்தது. காலையில் நான் எழுதிய பிரவுசரில் மட்டும் இல்லை.

கவிதா நெற்றியில் தட்டிக்கொண்டாள். "அரை மணி நேரங்கூட இந்த ஃபார்ம் காத்திருக்கறதில்லீங்க பெரியப்பா. நாங்க அஞ்சு நிமிசத்துல அடிச்சர்றோம். அதனால யாருக்கும் தெரியலீங்க."

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி மாளாது. வேகமாக அடிக்கிற அத்தனை பேர் கண்ணிலும் படாத கோளாறு, மெதுவாக அடிக்கிற என் கையில் சிக்கிவிட்டது.

"கண்டுபுடிச்சது போதுங்க. மணி ரெண்டாகப் போவுது" என்றாள் செல்லாத்தாள்.

நோட்பேடில் அடித்து வைத்துக்கொண்டு, அங்கிருந்து எடுத்து ஒட்டிவிடலாம் என்று கவிதா வழி சொன்னாள். கையை வைத்தேன். ஒரு வரியும் ஞாபகம் வரவில்லை. இரண்டு மணி நேரம் எழுத்தைத் தேடியதில் என்ன எழுதினேன் என்பது மனதில் தங்கவே இல்லை.

"நான் சொல்றனுங்க, அடிங்க" என்றாள் செல்லாத்தாள்.

சந்தையில் பழம் எண்ணுகிற மாதிரி, விரல் கணுவில் கட்டை விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். என் வார்த்தை, மாறாமல், அவள் வாயிலிருந்து. நான் எழுதியது இவ்வளவு நன்றாகவா இருந்தது என்று எனக்கே ஆச்சரியம்...

பதினோரு வரி சொல்லிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒன்று குறைந்தது. எது என்று அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. 'முதல் கன்றுக்கு என் மனைவி அரை மைல் தூரம் குடத்தில் தண்ணீர் சுமந்தாள்.' தன்னைப் பற்றிய வரியை மட்டும் விட்டுவிட்டாள்.

அந்த வரியையும் சேர்த்து அடித்தேன்.

"அதான் முடிஞ்சுதே, இன்னும் என்னத்தத் தட்டறீங்க?"

"முற்றுப்புள்ளி."

"முற்றுப்புள்ளிக்கு இம்புட்டு நேரமா?"

கவிதா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாலே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தது. பச்சை டிக் வந்தது. அதற்கடுத்த மாதத்திலிருந்து வண்டி வருகிறது. கூடை மேலே அட்டாலிப் பரணில் சும்மா கிடக்கிறது.

கவிதா சங்கத்துக்கும் போன் போட்டுச் சொன்னாள். "எல்லாருக்கும் சரியாத்தானே போகுது" என்றார்கள் முதலில். பிறகு மாற்றிவிட்டார்கள்.

இப்போது அந்த ஃபார்ம் எதையும் தொலைப்பதில்லை. எழுத எழுதத் தானே சேமித்துக்கொள்கிறது. வருசா வருசம் புதுப்பிக்கத் திறந்தால் போன வருசத்துப் பன்னிரண்டு வரியும் அப்படியே வந்து நிற்கிறது. ஒரு பொத்தானை அமுக்கினால் முடிந்தது. பக்கத்தில் யாரும் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

இதையும் போனில்தான் அடிக்கிறேன், நாலு நாளாக. அதுவும் தானே சேமிக்கும், தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு பத்தி முடிந்ததும் செல்லாத்தாளைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகிறேன். அவள் கட்டை விரல் கணுவில் நகர்கிறது.

குடத்து வரியை எடுத்துவிடச் சொல்கிறாள்.

முற்றுப்புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.