தரையில் நிற்காத சிலை

வாடிக்கையாளர் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் அத்தாவுல்லா ஸ்டூல் மேல் ஏறிவிடுகிறார். ஒரு கையில் கத்தரி, மறு கையில் நீளமான மர அளவுகோல். கடையின் பெயர்ப்பலகையில் 'சீட் கவர்' என்ற எழுத்துகளைப் பாதியாக அறுத்துக்கொண்டு ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறது. அளவுகோலின் நுனியை அதில் வைத்து, "பத்தடி. குணா எகிறினா கை இங்க வரும். ஆளு அஞ்சடி நாலு இஞ்ச் தான். சரி, உனக்கு இன்னா கலர் ரெக்சின்?" என்கிறார். கலரைச் சொல்லிவிட்டு நழுவிவிடலாம் என்று நினைப்பவர்கள் ஏமாந்து போகிறார்கள். அவருக்கு முட்டி வலி. கைப்பிடித்து இறக்கிவிட ஓர் ஆள் வேண்டும். இறக்குவதற்குள் மீதிக் கதையும் வந்துவிடும்.

கடை மேற்குத் தாம்பரத்தில் இருக்கிறது. அவருக்கு வயது அறுபத்திரண்டு. சட்டையில் எப்போதும் நூல் பிசிறு ஒட்டியிருக்கும். மனிதர்களை முகத்தை வைத்து நினைவில் வைத்துக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை. என்னை "பின் சீட்டு கிழிஞ்ச சார்" என்றுதான் அழைக்கிறார். வாரத்தில் ஆறு நாள் ரெக்சின் தைத்தார். ஏழாவது நாள், இருபத்தைந்து ஆண்டுகள், முடிச்சூர் ரோட்டு மைதானத்தில் உள்ளூர் வாலிபால் ஆட்டங்களுக்கு நடுவராக இருந்தார். குணா அந்த மைதானத்தின் அட்டாக்கர், அதாவது எகிறி நின்று பந்தை அடித்து இறக்குகிறவர். கோவளத்து மீனவக் குடும்பம். நான்கு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். அவருக்குச் சிலை வைக்க வேண்டும் என்பது அன்றிலிருந்து அத்தாவுல்லாவின் கோரிக்கை.

குணா மாவட்ட அளவைத் தாண்டி ஆடியவர் அல்ல. நான் இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. "மாவட்டத்த தாண்டியா எகிறணும்? நெட்ட தாண்டினா பத்தாதா சார்?" என்று கேட்டார்.

சிலை கேட்பதோடு அவர் நின்றிருந்தால் பெரிய சிக்கல் இல்லை. குணா காற்றில் இருக்க வேண்டும் என்கிறார். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை ரயிலில் போய், கண்ணில் பட்ட சிலைகளையெல்லாம் ஒரு முறை பார்த்துவிட்டு வந்தார். "அத்தினியும் நின்னுகினு கீது. குதுர மேல குந்திகினு இருக்கறவருக்கும் குதுர காலு தரையிலதான் கீது. குணாவ நிக்க வெச்சா எவனுக்குத் தெரியும்? பக்கத்துல டீ குடிக்கிறவன் அவன விட ஒசரமா இருப்பான்." வாதத்தில் ஓட்டை இல்லை. குணாவின் பெருமை முழுவதும் அவர் பாதத்துக்கும் தரைக்கும் நடுவிலிருந்த மூன்றடி வெற்றிடத்தில்தான் இருந்தது. அந்த மூன்றடியை எதில் வார்ப்பது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை மனு வாங்கும் அலுவலகத்துக்கு ஏழு முறை போனார். மேசைக்குப் பின்னால் இருந்தவர், "எந்தச் சங்கம் சார்பா கேக்கறீங்க?" என்றாராம்.

"சங்கம் இல்ல சார், டீம்."

"அதான், டீம்னா எந்த ஆளுங்க?"

"ஆறு பேர் சார். வெளிய குந்தறவங்கள சேத்தா பன்னெண்டு."

கட்சியும் சாதியும் இல்லாமல் ஒரு சிலை வருவது அந்த மேசைக்குப் புதிது. மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கடைசியில், சாலையோரத்தில் புதுச் சிலைக்கு இடமில்லை, மைதானச் சுவருக்குள் வைத்து முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள் என்று ஓர் அதிகாரி வாய்மொழியாகச் சொன்னார். வீட்டில் மனைவி ஜஹீராவுக்கு இது சமாதானம் ஆகவில்லை. "கல்யாண போட்டோவயே செவுத்துல மாட்ட வுடாத மனுசன், ரோட்டுல செல வெக்க அலையறாரு" என்று என்னிடம் முறையிட்டார். "போட்டோல நாம எங்க எகிறினோம்? சும்மாதான குந்திகினு இருந்தோம்" என்றார் அத்தாவுல்லா, ஊசியில் நூல் கோத்தபடி.

சிலைச் செலவை ஏற்றுக்கொண்டவர் ஹேமநாத். குணாவோடு ஆடியவர், இப்போது சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார். செய்பவர் கேளம்பாக்கத்துச் சாலமோன். அவர் கட்சித் தலைவர்களையும், கல்லறைகளுக்கு வைக்கும் சிறகுள்ள சம்மனசுகளையும், அதாவது தேவதூதர்களையும், சிமெண்டில் செய்கிறார். முதல் சந்திப்பிலேயே அவர் பாதி வேலை முடிந்துவிட்டது என்றார். "கைய தூக்கினா மாதிரி தலைவர் உடம்பு ஒண்ணு ரெடியா கீது பாய். தலைய மாத்திட்டு வேட்டிய ஷார்ட்ஸா வெட்டிட்லாம்."

அத்தாவுல்லா ஒப்பவில்லை. காற்றில் நிற்க வேண்டும் என்றதும், சாலமோன் காலுக்குக் கீழே ஒரு மேகம் வைத்துத் தருவதாகச் சொன்னார்.

"அவன் மேகத்துலேந்து எறங்கி வரல. முடிச்சூர் ரோட்டு மண்ணுலேந்து எகிறினான்."

"பறக்கற சம்மனசுகூட எங்கனா ஒட்டிகினுதான் நிக்கணும் பாய். இல்லன்னா வுழுந்துடும்."

பல நாள் யோசித்துச் சாலமோன் ஒரு வழி கண்டுபிடித்தார். நெட்டையும் கம்பத்தோடு சேர்த்துச் செய்துவிடுவது. குணாவின் விரல்களை நெட்டின் மேல்விளிம்பில் ஒட்டி, உள்ளே இரும்புக் கம்பி கொடுத்து, மொத்த எடையையும் அதில் தொங்கவிடுவது. கால்கள் தரைக்கு மூன்றடி மேலே இருக்கும். ஹேமநாத் கைகுலுக்கினார். அத்தாவுல்லாவின் முகம் மட்டும் இறுகியது. வாலிபாலில் கை நெட்டில் பட்டால் தவறு, எதிரணிக்குப் புள்ளி.

"நெட் டச்சு" என்றார். "காலாகாலத்துக்கும் ஃபவுல் பண்ணிகினு நிப்பானா அவன்? நெட்டு பக்கத்துல மேட போட்டு குந்திகினு இருந்தவன் நானு. என் மச்சானுக்கே ஊதிக்கிறேன், ரெண்டு வருசம் பேசல அவன். குணா ஒரு தபா கூட தொட்டதில்ல."

ஹேமநாத் இரண்டு வாரம் மன்றாடிப் பார்த்தார். கடைசியில், "சண்டே மாடல பாத்து ஓகே பண்ணுங்க பாய். இல்லன்னா ட்ராப் பண்ணிடலாம். குணா அண்ணா பேர்ல கிரவுண்டுக்கு ரெண்டு லைட்டு போஸ்ட் போட்டுக்கலாம்" என்றார்.

"லைட்டு கம்பத்துக்கு மால போடுவியா நீ?" என்று கேட்டுவிட்டு அத்தாவுல்லா அன்று முழுவதும் யாருக்காகவும் ஸ்டூல் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். பட்டறையில் களிமண் குணா தயாராக இருந்தார். முழங்கால் மடிந்து, முதுகு வில்லாகி, விரல்கள் நெட்டில் பதிந்திருந்தன. தன் பக்கம் பேச அத்தாவுல்லா ஒரு சாட்சியை அழைத்து வந்திருந்தார், குணாவின் மனைவி அங்காளம்மா. ஞாயிற்றுக்கிழமை மீன் வியாபாரத்தைப் பாதியில் விட்டுவந்த எரிச்சலோடு அவர் சிலையைச் சுற்றி வந்தார்.

"மூக்கு இவ்ளோ எடுப்பா இருக்காது" என்றார்.

"பச்ச மண்ணுதாம்மா, மாத்திக்கலாம்" என்றார் சாலமோன்.

"மூக்கு கெடக்குது அங்காளம்மா. வெரல பாரு" என்றார் அத்தாவுல்லா. "நெட்டுல ஒட்டிகினு கீது. நீயே சொல்லு, உன் வூட்டுக்காரன் நெட்ட தொட்டவனா?"

"தொட்டவருதான்" என்றார் அங்காளம்மா.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். "எத்தினி தபா வூட்டுக்கு வந்து சிரிச்சிக்கிறாரு. இன்னிக்கும் நெட்டுல கை பட்டுச்சி, பாய் ஊதவே இல்லம்பாரு. ஏன்யா ஊதலன்னா, அந்தாளு மேல குந்திகினு என் காலயே பாத்துகினு கீறாரு, கைய எங்க பாக்கறாரும்பாரு."

அத்தாவுல்லா ஹேமநாத்தைப் பார்த்தார். ஹேமநாத் சுவரோரத்தில் காய்ந்துகொண்டிருந்த அந்தோணியார் சிலையை மிகுந்த ஈடுபாட்டோடு பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க எல்லாருக்குமே தெரியும் பாய்" என்றார், திரும்பாமலே.

"நான் மேடையில குந்திகினு இருந்த ஃபைனல்லயுமா?"

"அது தெரியாது பாய்" என்றார் அங்காளம்மா. "ரெண்டு தபான்னு சொன்னா மாதிரி ஞாபகம்."

அத்தாவுல்லா சிலையின் விரல்களைப் பார்த்தார். பிறகு, அவர் அறியாமலே என்று நினைக்கிறேன், பார்வை பாதங்களுக்கு இறங்கி அங்கேயே வெகுநேரம் நின்றது. சாலமோன் மண் அறுக்கும் கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டு, "இன்னா பாய், வெரல வெட்டி எடுத்துடட்டுமா?" என்று கேட்டார்.

"இருக்கட்டும்" என்றார் அத்தாவுல்லா.

பிறகு நெட் கம்பத்தின் அருகில் போய் நேராக நின்றுகொண்டார். இடது கையைத் தோள் உயரத்துக்கு மெல்ல உயர்த்தி, உள்ளங்கை விரிய, நடுவர் புள்ளி கொடுப்பதுபோல் குணாவுக்கு எதிர்ப்பக்கமாக நீட்டினார். அந்தப் பக்கம் புள்ளி வாங்கிக்கொள்ள யாரும் இல்லை, ஈரச்சுவர்தான் இருந்தது. கை நெடுநேரம் இறங்கவில்லை.