பின்னட்டையின் முதல் வரி

அழைப்பிதழ் காலை டீ நேரத்தில் வந்தது. பதிப்பாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ஒரகடத்தில் நான் வேலை செய்வது ஒரு பேலட் ஷெட். கார் உதிரிபாகங்களை அடுக்கி, ஃபோர்க்லிப்டால் தூக்கிப் போவதற்கான மரத் தட்டுகளை ஆணி அடித்துச் செய்கிற இடம். கையிலிருந்த மரத்தூளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு படத்தைத் திறந்தேன். என் இரண்டாவது நாவலின் வெளியீடு. படப்பையில் ஒரு சின்ன மண்டபம், அடுத்த வார ஞாயிறு. அந்தப் படம் எப்போது வரும் என்று சில வாரங்களாகவே போனைத் தடவிக்கொண்டிருந்தேன்.

உச்சியில் கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: 'ஐந்தாம் வகுப்பு மட்டுமே படித்த தொழிலாளியின் நாவல்.' அதற்குக் கீழேதான் நாவலின் பெயர், அதைவிடச் சின்ன எழுத்தில். கூடவே அட்டைப் படமும் அனுப்பியிருந்தார். பின்னட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கும் முதல் வரி அதுதான்.

பக்கத்தில் உட்கார்ந்து பன்னை டீயில் முக்கிக்கொண்டிருந்த கூட்டாளி எட்டிப் பார்த்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன். நான் எழுதுவது ஷெட்டில் அவனுக்கு மட்டும்தான் முன்பே தெரியும்.

"என்ன அண்ணாச்சி, பள்ளிக்கூடத்துல ஆள் சேக்குற நோட்டீசா?"

"என் புக்குடா."

"அப்படியா? அஞ்சாங்கிளாஸ்னு மட்டும் பளிச்னு தெரியுது. ஒங்க பேரத் தேடணும் போல இருக்கே."

அவன் கேலியாகத்தான் சொன்னான். எனக்குக் காது சூடாகிவிட்டது. மிச்ச டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்து போனேன். அன்று அடித்த ஆணிகளில் பாதி கோணல்.

ஐந்தாம் வகுப்போடு நின்றதில் எனக்கு வெட்கம் எதுவும் கிடையாது. யார் கேட்டாலும் சொல்வேன். பதிப்பாளர் கேட்டபோதும் மறைக்கவில்லை. ஆனால் ஒருவர் கேட்ட கேள்விக்குச் சொன்ன பதிலை எடுத்துப் புத்தகத்தின் தலையில் கட்டுவது வேறு. அழைப்பிதழில் பேச்சாளர்கள் நான்கு பேர் இருந்தார்கள். யார் பெயருக்குப் பக்கத்திலும் அவர் எதுவரை படித்தார் என்று இல்லை. 'எழுத்தாளர்', 'விமர்சகர்' என்று மட்டும் இருந்தது. நான் மட்டும் என்ன பாவம் செய்தேன்?

அந்த வரி என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் முதல் நாவலின் பின்னட்டையிலும் அது இருந்தது. வேறு பதிப்பாளர். அந்த நாவலைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் அந்த வரியிலிருந்துதான் தொடங்கினார்கள், பெரும்பாலும் அதிலேயே முடித்தார்கள். 'வியப்பாக இருக்கிறது' என்றார்கள். அதில் ஒரு லாரி ஓட்டுநர் வருவான். அவன் எதற்காக ஊருக்குத் திரும்பிப் போகாமலே இருக்கிறான் என்பதை எழுத நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவனைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. வாசகர் ஒருவர் போன் செய்தார். வெகு அன்பாகப் பேசினார். கடைசியில், "சார், தப்பா நெனைக்காதீங்க, ஒங்களுக்கு யார் எழுதிக் குடுத்தது?" என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

அதனால்தான் இந்த முறை கைப்பிரதியைக் கொடுக்கும்போதே சொன்னேன். கூச்சப்படுகிறவன் ஒரு விஷயத்தைக் கேட்பதென்றால் எத்தனை முறை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பான்! அப்படி ஓட்டிப் பார்த்து, "என் படிப்பப் பத்தி அட்டையில போட வேணாங்க" என்று சொன்னேன். "சரிண்ணே, உங்க இஷ்டம்தான்" என்று பதிப்பாளர் சொன்னார். அந்தச் சரிக்கு இதுதான் அர்த்தமா?

சேரப்பணஞ்சேரியில் வீட்டுக்குப் போனால் அங்கே வேறு கூத்து நடந்துகொண்டிருந்தது. மனைவி வெளியீட்டுக்கென்று வெள்ளைச் சட்டை வாங்கி வந்து, இஸ்திரி போட்டு, மடிப்பு கலையாமல் பீரோவில் தொங்கவிட்டிருந்தாள். இரண்டு வாரமாக ஏற்புரையை வேறு பழகிக்கொண்டிருந்தேன். விழாவில் எல்லோரும் பேசி முடித்த பிறகு எழுதியவன் எழுந்து நன்றி சொல்லிப் பேச வேண்டும். அடுப்படியில் நின்று அவளிடம் பேசிக் காட்டுவேன். "அனைவருக்கும் வணக்கம்" என்பதைத் தாண்டுவதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"இன்னாய்யா, இன்னிக்கு வணக்கம் வெக்கலியா?" என்றாள்.

போனை நீட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"நீதான் வேணாம்னு சொன்னியே?"

"சொன்னேன்."

"அப்புறம் இன்னாத்துக்குப் போட்டான்? போன் போடு."

போட்டேன். பதிப்பாளர் என்னைவிடச் சின்னவர், நல்லவர்தான். ஆனால் போனில் அவர் பேச ஆரம்பித்தால் குறுக்கே புக முடியாது. "அண்ணே, பாத்தீங்களா? சூப்பரா வந்திருக்குல்ல? இதாண்ணே நம்ம பலம். இந்த வரிக்காகவே பத்திரிகைக்காரங்க வர்றேன்னிருக்காங்க. அப்புறம் ஒண்ணு, அன்னிக்கு கம்பெனி சட்டையிலயே வந்துருங்க. மேடையில போட்டோ எடுத்தா நல்லாருக்கும்" என்றார். நான் "இல்லீங்க, அது வந்து" என்றேன். "கூச்சப்படாதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மனைவிக்கு வந்த கோபத்தில் கரண்டி தரையில் விழுந்தது.

"கம்பெனி சட்டையா? அவன் பொண்டாட்டிய வூட்டு நைட்டியோட மேடைக்கு வரச் சொல்லு பாப்போம்! நாளெல்லாம் வேர்த்து வந்தா தொவைக்கிறது நானு. அதப் போட்டுகினு போயி நீ நிப்பியா?"

"போன்ல எனக்குப் பேச வரல."

"உனக்கு எப்பதான் வந்திருக்குது? கண்ணாலத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்பகூட உங்க மாமாதான் பேசுனாரு. நேர்ல போ. போயி ஒக்காரு. பேசாத. பேசாம ஒக்கார்றதுதான் உனக்கு நல்லா வருமே."

திட்டுவதற்குத்தான் சொன்னாள். எனக்கு அது யோசனையாகப் பட்டது.

மறுநாள் லீவு சொன்னேன். படப்பை வந்து, தாம்பரம் பஸ் பிடித்து, அங்கிருந்து ரயில். வழியெல்லாம் ஆத்திரம்தான். நாவல் ஒரு சமையல்காரியைப் பற்றியது. கம்பெனிகளில் மூன்று ஷிப்டும் வேலை பார்க்கிற பெண்கள் தங்கும் விடுதியில் சமைப்பவள். எந்த நேரமும் யாராவது ஒருத்தி பசியோடு திரும்பி வந்துகொண்டே இருப்பதால் முழுசாகத் தூங்கியே பழக்கமில்லாதவள். நான்கு வருடம் அவளோடு இருந்தேன். ஓவர்டைம் சேர்த்து வேலை செய்துவிட்டு வந்த நாள்களிலும் ஒரு பக்கமாவது எழுதினேன். அவ்வளவும் போய், கடைசியில் வாசகன் முன்னால் வந்து நிற்பது அவள் இல்லை, என் பள்ளிக்கூடம்! அவளைத் தள்ளிவிட்டு நானே வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

பதிப்பாளரின் அலுவலகம் மாடியில் ஒரே அறை. சுற்றிலும் புத்தகக் கட்டுகள். என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார், டீ சொன்னார். உட்கார்ந்தேன்.

"அந்த வரி வேணாங்க" என்றேன். ரயிலில் தயார் செய்து வைத்திருந்த மற்றதெல்லாம் எங்கோ போய்விட்டது.

அவர் பேசினார். புத்தகம் விற்காத கஷ்டத்தைச் சொன்னார். இது எனக்குப் பெருமைதான் என்றார். படிக்காதவர்களுக்கு ஒரு ஊக்கம் என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்தியதும், "வேணாங்க" என்றேன். மறுபடி பேசினார். நடுவில் போன் வந்தது, போய்ப் பேசிவிட்டு வந்தார். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"என்னண்ணே நீங்க, சின்னப் புள்ள மாதிரி. சரி, அட்டையெல்லாம் அச்சாயிடுச்சு. வேணும்னா அந்த வரி மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடுறேன். போதுமா?"

எனக்கு ஷெட் ஞாபகம் வந்தது. கம்பெனியில் வேண்டாமென்று தள்ளிய பேலட் எங்களிடமே திரும்பி வரும், சிவப்புப் பெயின்டில் பெரிய பெருக்கல் குறியோடு. வெடித்த பலகையைத் திருப்பிப் போட்டு அடித்தால் வெளியே தெரியாது. ஆனால் எங்கள் ஷெட்டில் அப்படிச் செய்யக் கூடாது. ஆணியைப் பிடுங்கி, பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு, வேறு பலகை போட வேண்டும். ஸ்டிக்கர் என்பது திருப்பிப் போட்ட பலகை. ஒட்டியதைப் பார்த்தால் எவன் நகம் சும்மா இருக்கும்? உரித்துத்தான் பார்ப்பான். அடியில் இருப்பது இன்னும் பெரிய எழுத்தாகத் தெரியும்.

"ஒட்ட வேணாம். எடுத்துடுங்க."

"எடுக்கிறதுன்னா அட்டையவே மாத்தணும்ணே."

"மாத்துங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நான் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை.

"மாத்தலன்னா?"

"மாத்தலன்னா நான் மண்டபத்துக்கு வரல. நான் போன்ல பேச மாட்டேங்க, ஆனா சொன்னா செய்வேன். நீங்களும் 'சரி'ன்னு சொன்னீங்க."

அந்தக் கடைசிச் சொல்தான் அவரைத் தொட்டது என்று நினைக்கிறேன். முகம் சிறுத்துவிட்டது. கம்ப்யூட்டரைத் திருப்பி அட்டையைத் திறந்தார். வரியை அழித்தார். "இப்ப மேல வெறுமையா இருக்கே, இங்க என்ன போட?" என்று எரிச்சலோடு கேட்டார்.

"நாவல்லேருந்து போடுங்க."

உடனே அவரே ஓர் இடத்தைக் காட்டினார். வேலை போன பெண் ஒருத்தி விடுதிக் குளியலறையில் அழுகிற இடம். "இது டச்சிங்கா இருக்கும்" என்றார். அதற்கும் வேண்டாம் என்றேன். என் வகுப்பை விற்க முடியாதபோது அந்தப் பெண்ணின் அழுகையை விற்கப் பார்க்கிறாரே என்று இருந்தது. நான் சொன்ன இடம் வேறு. வாசலில் கழற்றிக் கிடக்கிற செருப்புகளைப் பார்த்துத்தான் சமையல்காரி உலை வைப்பாள். எந்தச் செருப்பு இருக்கிறது, எது இன்னும் வரவில்லை என்று பார்த்து அரிசியைக் கூட்டுவாள், குறைப்பாள். ஒரு நாள் விடியற்காலையில், அவளுக்குத் தெரியாத ஒரு ஜோடி அங்கே கிடக்கிறது. அதுவரைக்கும் ஆறு வரி.

"இதுல ஒண்ணுமே இல்லையேண்ணே."

"அதுதான் போடுங்க."

போட்டார். நான் எழுந்து வரும்போது, "அழைப்பிதழ் ஊரெல்லாம் போயிடுச்சு, அத நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். அது உண்மைதான். இன்றுவரை யார் யாரோ அதை எனக்கே அனுப்பி வாழ்த்துச் சொல்கிறார்கள். 'ஐந்தாம் வகுப்புச் சாதனையாளரே' என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். மேடையிலும் நான்கு பேரும் அதைத்தான் பேசுவார்கள் என்று தெரியும். அதை நினைத்தால் இன்னமும் பல்லைக் கடிக்கிறேன். கம்பெனி சட்டையில் மட்டும் வர முடியாது என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தேன்.

புது அட்டை இரண்டு நாள் கழித்து வந்தது. சாப்பாட்டு நேரம். கூட்டாளி போனைப் பிடுங்கிக்கொண்டு போய் வெளிச்சத்தில் நின்று படித்தான். என்ன கேலி வரப்போகிறதோ என்று சோற்றைப் பிசைந்துகொண்டே காத்திருந்தேன். அவன் இரண்டாவது முறையும் படித்தான்.

"ஏன் அண்ணாச்சி," என்றான், "அது யார் செருப்பு?"

நான் சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.

"சும்மா சொல்லுங்க. வேலைக்குப் புதுசா வந்த புள்ளையா?"

"புக்கு வந்ததும் படிச்சுக்கோ."

"அடப் போங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்தான். மெஷின் போடுகிற நேரம் ஆகிவிட்டது. ஆணி அடிக்கும் சத்தத்துக்கு நடுவே மறுபடியும் ஏதோ கத்திக் கேட்டான். "ஆம்பளச் செருப்பா?" என்று கேட்டது போலிருந்தது. இல்லை என்று தலையாட்டினேன்.