சிரட்டையில் வைத்த பால்

கந்தசஷ்டியின் நாலாம் நாள் விடிய, எங்கள் பின்வளவில் வைத்திருந்த கூட்டுக்குள் அந்த மீன்பிடிப் பூனை அகப்பட்டிருந்தது.

அதற்கு முன் சில வாரங்களாக வெள்ளவத்தைக் கால்வாய் ஓரத்து மதிலில் அது நடந்து போவதைப் பார்த்து வந்தேன். இடுப்பு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பட்டினி என்று நினைத்தேன். இந்தக் காட்டுப்பூனைகளைப் பரிசோதிக்கும் மிருக வைத்தியப் பெண்ணுக்கு, பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன், நான்தான் போன் பண்ணினேன்.

"மதிலில போறதைப் பாத்து மெலிவு, நோய் எண்டு சொல்லேலாது அங்கிள். கையால தடவிப் பாக்கவேணும்" என்று சொல்லி அவ கூட்டைக் கொண்டுவந்து வைத்தா. உள்ளே ஒரு கம்பிப் பெட்டியில் மீன். வாசம் வரும், வாய்க்கு எட்டாது. "அகப்பட்டால் ஒண்டும் குடுத்திடாதேங்கோ. மயக்க ஊசி போட்ட பிறகு சத்தியெடுத்தால் வயித்தில கிடக்கிறது மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்."

ஓம் ஓம் என்றேன்.

மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. "விரத நாளில வளவெல்லாம் மீன் வாசம். முருகன் மயிலோட கேற்றடிக்கு வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பப் போறார், இருந்து பாருங்கோ."

அன்று விடிய போன் எடுத்தபோது, வர எட்டரை ஆகும் என்றா பிள்ளை. நான் கூட்டடிக்கும் சாமி அறைக்குமாக நடந்தேன். அது கம்பியில் முகத்தை உரசி உரசி மூக்கில் தோல் போயிருந்தது. எனக்கும் நாலு நாளாக ஒரு நேரம் பாலும் பழமும்தான். பசி எப்படியிருக்கும் என்று அந்தக் கிழமையில் எனக்குத் தெரியாதா? மத்தியானம் படைத்துவிட்டு நான் குடிக்க வைத்திருந்த பாலைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி, தடியால் கூட்டின் அடிவழியாகத் தள்ளினேன். பாலில் என்ன வந்துவிடும் என்று நினைத்தேன். திரும்பி வந்து பார்த்தபோது சிரட்டை கவிழ்ந்து கிடந்தது. குடித்ததா, தட்டி ஊற்றியதா, தெரியவில்லை. சிரட்டையை இழுத்து வாழைக்குப் பின்னால் போட்டேன்.

பிள்ளை வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஒண்டும் குடுக்கேல்லைத்தானே அங்கிள்?"

நான் தலையாட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

அவ மருந்தை ஊசிக்குள் ஏற்றினா. என் நெற்றியில் திருநீறு வியர்வையோடு வழிந்தது. அவ கூட்டுக்குக் கிட்டப் போகும்போதுதான் வாய் திறந்தது.

"நில்லும் பிள்ளை. பால் வைச்சனான்."

"எவ்வளவு குடிச்சது?"

"தெரியாது."

அவ என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். "அஞ்சு மணித்தியாலம் பொறுக்கவேணும்" என்று மட்டும் சொல்லி ஊசியை மூடினா. நோய் ஏதும் இருக்கோ என்று பார்க்காமல் பூனையைத் திறந்துவிடவும் அவவுக்கு மனமில்லை.

"விரதம் உங்களுக்கோ பூனைக்கோ?" என்றாள் மனைவி. பிறகு அவளே சாக்கை நனைத்துக்கொண்டு வந்து கூட்டுக்கு மேல் போட்டாள்.

ஒன்றரை மணிக்குப் பிறகுதான் ஊசி போட்டா. பூனை சரிந்ததும் பிள்ளை அதன் கண்ணைத் துணியால் மூடி, என்னைக் கூப்பிட்டா. "மூச்சை எண்ணுங்கோ அங்கிள். குறைஞ்சால் சொல்லுங்கோ."

மந்திரம் உருப்போடுகிற மாதிரி விரல் கணுக்களில் எண்ணினேன். விலா ஏறி இறங்க ஒரு கணு. அவ முதுகெலும்பை விரலால் அழுத்தி வருடினா, இடுப்பைத் தடவினா, தோலைக் கிள்ளி விட்டு அது எவ்வளவு கெதியாகப் படிகிறது என்று பார்த்தா. உதட்டைத் தூக்கிப் பல்லைச் சுற்றியிருக்கும் முரசின் நிறம், பல், பிறகு காய்ச்சல், நிறை. "முரசு நல்ல இளஞ்சிவப்பு. நோய் ஒண்டும் தெரியேல்லை" என்றா. எனக்கு மூச்சு வந்தது.

வயிற்றுப் பக்கம் போன கை அங்கேயே நின்றது. மயிரை விலக்கிக் காட்டினா. முலைக்காம்புகள் தடித்திருந்தன. மெல்ல அமுக்க, வெள்ளையாக ஒரு சொட்டு வந்தது.

"இது பட்டினி மெலிவில்லை அங்கிள். குட்டிக்குப் பால் குடுத்து வந்த மெலிவு."

"குட்டி எங்க?"

"கால்வாய்ப் புல்லுக்குள்ள எங்கயோ. இரவில இருந்து பால் இல்லாமல் கிடக்குதுகள்."

எண்ணிக்கை தவறியது. அந்த ஐந்து மணித்தியாலமும் நான் கொடுத்தது. திரும்ப முதல் கணுவிலிருந்து எண்ணினேன்.

மயக்கம் முழுதாகத் தெளிய மாலையாகிவிட்டது. கூட்டின் கதவைத் திறந்ததும் ஒரே பாய்ச்சல், புல் மூடிக்கொண்டது. அன்று நான் பாலைத் தொடவில்லை. முருகா, அதுகள் உயிரோடு இருக்கவேணும் என்று மட்டும் கேட்டேன்.

சூரன்போர் முடிந்த அடுத்த நாள், பூனைகளைக் கவனிக்கக் கால்வாயோரம் பொருத்தியிருந்த கமராவில் விழுந்த படத்தைப் பிள்ளை போனுக்கு அனுப்பினா. தாய் முன்னால், பின்னால் ஒரு குட்டி. உடனே அவவுக்குப் போன் எடுத்தேன்.

"ஒண்டுதானே போட்டிருக்கும், பிள்ளை?"

"ஒண்டு போடுறதும் இருக்கு அங்கிள்" என்றா.

மனைவி படத்தோடு போனைச் சாமித் தட்டில் வைத்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். ஆனால் இப்போதும் அந்தப் பூனை மதிலில் போனால் அதன் இடுப்பை நான் பார்ப்பதில்லை. அதற்குப் பின்னால் வருவதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.